தைத்த விமானம்

மர விமானத்தின் வால் மறுபடியும் இறுகிக்கொண்டது. பாலேஸ்வரி அதன் அசையும் பலகைத் துண்டை விரல் நுனியால் மேலே தள்ளினாள். போனது அங்கேயே நின்றுவிட்டது. கீழே இழுத்தபோது தகரக் கீல் முறிந்து மடியில் விழுந்தது. பிஸ்கற் டின்னை வெட்டி அவளே செய்த கீல். அவளுடைய கணவர் கதிர்காமநாதன் செய்து வைத்துவிட்டுப் போனவையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக முறிந்திருந்தன.

அவர் அந்த விமானத்தைத் தொடங்கியது கலியாணமான வருடம், வெள்ளவத்தையில் கடலோரம் வாடகைக்கு இருந்த வீட்டில். ரத்மலானையிலிருந்து பின்னேரங்களில் பறந்துபோகும் இரட்டைத் தட்டு இறக்கை விமானத்தைப் பார்த்துப் பார்த்து, முகமூடி செதுக்குகிறவர்கள் பாவிக்கும் கடுறு மரத்தில் ஒரு முழ நீளத்துக்குச் செதுக்கினார். பார்வைக்கு அச்சொட்டாக இருந்தது. அவருக்கு அது போதவில்லை. ஓட்டுகிறவன் பிடிக்கும் கம்பியைச் சரித்தால் வால் அசையவேண்டும், இறக்கையின் ஓரப் பலகைகள் அசையவேண்டும், சுக்கான் திரும்பவேண்டும். "அசையாட்டில் அது வெறும் பொம்மை" என்பார். அது முடிவதற்குள் மலாயாவில் றெயில்வே கந்தோரில் வேலை கிடைத்தது. போய் வீடு பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடுவதாகச் சொல்லிக் கப்பலேறினார். கொஞ்ச மாதங்களில் யப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கினான். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்ட ஈஸ்டர் ஞாயிற்றுக்குப் பிறகு வெள்ளவத்தை ஒழுங்கைகள் வெறிச்சோடின. யாழ்ப்பாணத்திலிருந்து தமையன் கூட்டிப்போக வந்தார். "அவர் கப்பலிலைதான் வருவார் அண்ணை. கப்பல் இஞ்சைதான் வரும்" என்று சொல்லித் தமையனை அனுப்பிவிட்டாள். அவர் கோபத்தோடு போன அந்தக் கிழமையே வீட்டுக்காரரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கண்டிக்குப் போகப் புறப்பட்டார். எங்கே போவதென்று தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவளைத் தேடி ஜவாஹிறா வந்தாள். ஜவாஹிறாவின் கணவர் பலீல் கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருந்தார். பாலேஸ்வரி அந்தக் கடைக்குப் பொத்தான் துளை தைத்துக் கொடுக்கிறவள். அவ்வளவுதான் பழக்கம்.

"தனிய இரிக்க வாணாம் தங்கச்சி. எங்கட மேல்வீட்டுல ஒரு அறை சும்மாதான் கெடக்கு. ஒங்கட மனிசன் வந்து தேடக்கொள்ள நீங்க கொழும்புல இரிக்கோணும்."

பாலேஸ்வரி சைவம் என்பதால் ஜவாஹிறா புதுச் சட்டிபானை வாங்கி, பின்விறாந்தையில் தனி அடுப்பும் போட்டுக்கொடுத்தாள். அந்த அடுப்பில் முதல்நாள் சோறு பொங்கியபோது, பிறந்த வீட்டிலும் தனக்கென்று ஒருவர் இவ்வளவு யோசித்ததில்லையே என்று பாலேஸ்வரிக்குத் தோன்றியது. புகையைச் சாட்டி அழுதாள்.

காலையில் கடைக்கு வந்த இராணுவச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விமானம். முதலில் தூசு தட்டத்தான் எடுத்தாள். பிறகு முறிந்த கீல்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவர் விட்ட இடத்திலேயே அது நின்றுபோனால், அவரும் எங்கோ அப்படியே நின்றுபோவார் என்று ஒரு பயம் மனதுக்குள் வந்து குந்திக்கொண்டது. அதை ஜவாஹிறாவிடம்கூடச் சொல்லவில்லை.

கீல் முறிந்த அன்று பாலேஸ்வரி கீழே இறங்கி வந்தபோது, ஜவாஹிறா பலீல் சாய்ந்திருக்கும் கன்வஸ் கதிரையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கன்வஸ் நடுவில் கிழிந்திருந்தது. கிழிந்த இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், ஊசியை இடைவெளிக்குள் விட்டு ஒரு ஓரத்தின் அடியால் மேலே எடுத்தாள். திரும்ப இடைவெளிக்குள் விட்டு மற்ற ஓரத்தின் அடியால் எடுத்தாள். தைத்து முடித்து, சரிபார்க்க மடித்தாள். மேல்நோக்கியும் மடிந்தது, கீழ்நோக்கியும் மடிந்தது.

"அக்கா, அதை இன்னொருக்கா மடியுங்கோ."

"ஏன், கோணிப் போய்ட்டா?"

பாலேஸ்வரி மேலே ஓடினாள். ஊசியைச் சுட்டுப் பலகைகளின் ஓரங்களில் துளையிட்டாள். கீலுக்குப் பதிலாக மெழுகிட்ட நூலால் வாலையும் அதன் அசையும் பலகையையும் அதே தையலில் சேர்த்துக் கட்டினாள். ஊதிப் பார்த்தாள். பலகை மெல்ல எழுந்து, மெல்லப் படிந்தது. பின்னால் வந்து மூச்சு வாங்க நின்ற ஜவாஹிறாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்ததை ஜவாஹிறா பார்த்தது அன்றைக்குத்தான்.

"அல்லாஹ்வே, மூச்சு உடுது" என்றாள் ஜவாஹிறா.

பிறகு வேலை ஓடியது. கொண்டை ஊசியை நிமிர்த்தி ஓட்டுநரின் கைக்கம்பி செய்தாள். சட்டைப் பொத்தான்களை உள்ளே ஒட்டி, அவற்றின் துளைகள் வழியாக நூல்களை இறக்கைக்கும் வாலுக்கும் கொண்டுபோனாள். சுக்கான் திரும்பியது. இறக்கைப் பலகைகள்தான் சரிவரவில்லை. கம்பியைச் சரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகவே எழும்பின. பிழை என்று தெரிந்தது, என்ன பிழையென்று தெரியவில்லை. மாதாமாதம் அவள் வெள்ளவத்தைச் சந்திக் கடைக்குப் போவாள், தான் கொட்டாஞ்சேனையில் இருப்பதைக் கடைக்காரர் மறந்துவிடக் கூடாதென்று. அப்படிப் போனபோது கடற்கரையில் ஒரு விமானம் தாழப் பறந்து கரைப்பக்கம் திரும்பியது. இடது பலகை மேலே, வலது பலகை கீழே. இடது இறக்கை தாழ, விமானம் சாய்ந்து போயிற்று. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்து நூலை மாற்றிக் கட்டினாள்.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் வந்தன. ஒருநாள் மழை விட்ட நேரம், கதிர்காமநாதன் தையற்கடை வாசலில் வந்து நின்றார். துறைமுகத்தில் இறங்கியவர், நடக்கிற தூரத்தில் மனைவி இருப்பது தெரியாமல் வெள்ளவத்தைக்குப் போய், சந்திக் கடைக்காரர் சொல்லித் திரும்பி வந்திருந்தார். சட்டைக்குள் ஆள் இல்லாததுபோல் மெலிந்திருந்தார். பலீல்தான் தோளைத் தாங்கி மேலே கொண்டுவந்து விட்டார்.

உயிரோடு வந்ததே போதும் என்று பாலேஸ்வரி கும்பிடாத தெய்வம் இல்லை. ஆனால் அவர் கதைக்கவில்லை. கேட்டால் "ஓம்" என்பார், "இல்லை" என்பார். சோற்றில் பாதியைக் கையால் மூடி ஒதுக்கி வைப்பார். விமானத்தை அவள் சீலை போட்டு மூடி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள். தன் கையால் முடிக்க நினைத்ததை இன்னொருவர் செய்து முடித்துவிட்டார் என்று கண்டால் அந்த மனம் இன்னும் ஒடுங்கிவிடுமோ என்று பயந்தாள்.

"காட்டுங்க. ஒங்கட கையால செஞ்சத அவருக்கு ஒளிக்கியா?" என்றாள் ஜவாஹிறா.

அடுத்த நாள் காலையில் அதை அவர் மடியில் வைத்தாள். அவர் ஒரு விரலால் கம்பியைச் சரித்தார். ஒரு பலகை எழுந்தது, மற்றது தாழ்ந்தது. மறுபக்கம் சரித்தார். முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். விமானத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் வாலைத் திருப்பிப் பார்த்து, அந்த நூல்களை நகத்தால் தடவினார்.

"இது உம்மட தையல்."

"ஜவாஹிறா அக்கான்ரை தையல். நான் பார்த்துப் பழகினது."

மூக்கிலிருந்த காற்றாடியை விரலால் தட்டினார். அது அசையவில்லை.

"இது சுத்தாதோ?"

"அது நீங்கள் ஒட்டிவிட்டபடிதான் இருக்கு. நான் தொடேல்லை." விமானத்தை மூடியிருந்த சீலையை அவள் மடித்தாள். "எல்லாத்தையும் நானே செய்து முடிச்சால் நீங்கள் வந்து என்ன செய்வியள் எண்டு நினைச்சன்."

அவர் அவளைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அப்படிப் பார்க்கவில்லை.

"ஒரு சின்னக் கத்தி தாரும்" என்றார். "இஞ்சை வந்து இதைப் பிடியும். கை நடுங்குது."

அவள் மேசைக் கத்தியை எடுத்துக்கொடுத்து, ஜன்னலோரம் நின்று விமானத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். அவர் குனிந்து காற்றாடியின் அடியில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டத் தொடங்கினார். கீழே தையல் மெசின் ஓடி ஓடி நின்றது. துறைமுகப் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வந்தது. காற்றாடி இன்னும் ஒட்டியபடியே இருந்தது. அவள் கைகளுக்கிடையில் சுக்கான் மட்டும் இடப்பக்கம் போய், கொஞ்சம் தாமதித்து, வலப்பக்கம் திரும்பியது.