புதன்கிழமைப் பெயர்

அராபா கதவுக்குக் குறுக்கே உலக்கையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் பானையை அம்மாவின் தலைமாட்டுக்கு இழுத்தாள். வெளியே பெண்கள் கதவை இடித்தார்கள்.

"ஏய் அராபா, தெறடி! குடும்பத்துப் பொம்பளைங்க இல்லாம யாரு பொணத்தக் குளிப்பாட்டுறது?"

"நானே குளிப்பாட்டிக்கிறேன்!"

அம்மாவின் தோளிலிருந்து துணியை விலக்கினாள். காய்ச்சிய இரும்பால் இழுத்த இரண்டு எழுத்து. கப்பலில் ஏற்றுமுன் அடிமைகளுக்குப் போடும் சூடு. விடியலில், உயிர் போவதற்குச் சற்று முன்புதான் அம்மா அதைக் காட்டினாள். "யாரும் பாக்கக் கூடாதுடி" என்றாள். இத்தனை வயதுவரை அனமாபு என்ற இந்த ஆப்பிரிக்கக் கரையூரில் ஒருத்தியோடும் சேர்ந்து குளிக்காதவள்.

பக்கத்து அறையில் தரையை வெட்டும் சத்தம் கேட்டது. வீட்டு மனிதர்களை வீட்டுத் தரைக்கடியில்தான் புதைப்பார்கள். விலைக்கு வந்தவளென்று தெரிந்தால் அம்மாவுக்கு அந்தக் குழி இல்லை, கரையோரப் புதர்தான். ஒருவரின் பூர்வீகத்தை வாய்விட்டுச் சொல்வது இங்கே குற்றம். ஆனால் ஊர் வாயால் மட்டுமா பேசுகிறது? நாளைக்கே அராபாவின் இரண்டு பெண்களையும் பார்க்கிற பார்வை மாறிவிடும். பாழாய்ப்போன இரண்டு எழுத்து!

"நான் மட்டும் வரேன். உலக்கைய எடு."

எஸி பெரியம்மா. வீட்டுக்கு மூத்தவள், வாய் பொல்லாதவள். மறுக்க முடியவில்லை. உள்ளே வந்தவளின் பார்வை நேரே தோளுக்குப் போனது. அராபா பதறித் துணியை இழுத்தாள்.

"மூடாத. நான் பாக்காததா? அவ வந்தப்போ எனக்குப் பத்து வயசு, அவ என்னவிடச் சின்னவ. காய்ச்சல்காரி வேணாம்னு கப்பல்காரன் கரையிலயே விட்டுட்டான். எங்க மாமா ரெண்டு போத்தல் சாராயம் குடுத்துத் தூக்கிட்டு வந்தார்."

அராபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, வெளிய சொல்லிடாதீங்க."

"அம்பது வருஷம் சொல்லாதவ இப்பவா சொல்லப்போறேன்? மண்டு, நீ கதவச் சாத்தினதுலதான் சந்தேகமே வரும்." பிணத்துக்குப் பூசும் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துத் தோளில் கனமாக அப்பினாள். அப்பிக்கொண்டே சொன்னாள்: "எக்குவான்னு கூப்பிட்டா மூணு நாள் இவ திரும்பியே பாக்கல."

"ஏன்? புதன்கிழமை பொறந்தவளுக்கு வைக்கிற பேருதானே அது?"

"பொறந்த கிழமை யாருக்குடி தெரியும்? வாங்கிட்டு வந்தது புதன்கிழமை. திரும்பலன்னு அடிச்சோம். நானும்தான் அடிச்சேன். நாலாம் நாள் திரும்பினா."

"அதுக்கு முன்னாடி என்ன பேரு?"

பெரியம்மாவின் கை நின்றது. "கேக்கல."

பிறகு அவளே போய்க் கதவைத் திறந்தாள். பெண்கள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். ஒருத்தி ஈரத் துணியோடு நேரே தோள் பக்கம் குனிந்தாள்.

"அங்க நான் முடிச்சிட்டேன். கால கழுவு, போ" என்றாள் பெரியம்மா.

அந்தப் பெண் வெள்ளை மண்ணையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கால்மாட்டுக்குப் போனாள்.

உடலைக் குழிக்குள் இறக்கினார்கள். மகள்தான் முதலில் பெயர் சொல்லி அழைக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் அழலாம். எல்லோரும் காத்திருந்தார்கள். அராபா வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

"அம்மா!" என்றாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிடுடி" என்று யாரோ பின்னாலிருந்து இடித்தார்கள்.

"அம்மா!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எஸி பெரியம்மா முன்னால் வந்து குழியின் ஓரத்தில் மண்டியிட்டாள். அவளும் பெயர் சொல்லவில்லை.

"தங்கச்சி" என்று கூப்பிட்டாள்.