திருகாணியின் நீளம்

பிணத்தைக் குளிப்பாட்டும் நீரெடுக்க, நீர்மாலைக்குப் போன ஆண்கள் திரும்புவதற்குள் அந்தத் திருகாணியைக் கழற்றிவிட வேண்டும். முனீஸ்வரியின் விரல்களில் திருகுசாவி நிற்கவில்லை. வியர்வையில் வழுக்கி வழுக்கி விழுந்தது. பின்கட்டில் அப்பாவின் பட்டறை மேசைமேல் அண்ணன் வேல்பாண்டியின் பலகை கவிழ்ந்து கிடந்தது. அதன் அடிவயிற்றில் நிமிர்ந்து நிற்க வேண்டிய கருந்தண்டு, எஞ்சிய ஒற்றைத் திருகாணியின் பிடியில் ஒருபுறமாய்ச் சாய்ந்து ஆடியது. முன்கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள்.

மண்டபம் கடற்கரைக்கு வருவோருக்கு விங் ஃபாயில் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். கையில் துணிச்சிறகைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் ஏறி நிற்பான். பலகைக்குக் கீழே ஒரு தண்டு. தண்டின் நுனியில் பறவை சிறகு விரித்தாற்போல் ஓர் உலோக இறக்கை. நீருக்குள் அவ்விறக்கை விரைந்து ஓட, பலகை நீரைவிட்டு மேலெழும். கரையில் நிற்பவருக்கு, மனிதன் ஒருவன் வெறுங்காற்றில் நின்றபடி போவதாகத் தோன்றும். ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கவென்று ஊருக்கு வந்தவன், செண்பகத்தோப்பு மலையிலிருந்து இறங்கிய காற்றையும், அபூர்வமாய் ஆடியிலும் தளும்பி நின்ற கண்மாயையும் கண்டபின் வீடு தங்கவில்லை. நேற்றுக் காலை, நடுக்கண்மாயில் பறந்துகொண்டிருந்தபோது தண்டு பிடி விட்டது. தலைகீழாய் விழுந்தவனைப் புரண்டுவந்த இறக்கையின் விளிம்பு காதுக்குப் பின்னே வெட்டியது.

இவ்வளவும் ஊரறிந்தது. தண்டு ஏன் பிடி விட்டது என்பது முனீஸ்வரிக்கு மட்டும், இப்போதுதான், இந்த மேசையருகே தெரிந்தது.

பலகை ஒரு கம்பெனியுடையது. அதற்குரிய தண்டு விரிசல் விட்டுப்போகவே, வேறொரு கம்பெனியின் தண்டு ஒன்றை வேல்பாண்டி தேடிப் பிடித்தான். விற்றவனுக்குச் செய்தி அனுப்பியவள் அவள்தான். இரண்டும் வேறு வேறு கம்பெனியாயிற்றே, சேருமா என்று கேட்டாள். துளைகளின் இடைவெளி ஒன்றுதான், சேரும் என்று பதில் வந்தது. வந்து பார்த்தால் துளைகள் மயிரிழை தள்ளியிருந்தன. ராஜபாளையத்து நூல் மில்லில் ஃபிட்டராகவே தலை நரைத்த அப்பா கண்ணுச்சாமிக்கு அது ஒரு வேலையே அன்று. அரத்தால் இழைத்து, துளைகளைச் சீராக்கினார். முந்தாநாள் மாலை இதே மேசையில்தான் நான்கு திருகாணி இட்டுத் தண்டைப் பூட்டினார்கள்.

"யப்பா, நீங்க முறுக்குனா பொறவு அந்தக் கம்பெனிக்காரனே வந்தாலும் கழட்ட முடியாது."

"ஏலே, ராஜபாளையத்துல எம்புட்டு மிஷினு எங்கையால நிக்குதுன்னு போய்க் கேட்டுப் பாரு. பேசாம டார்ச்சைப் புடி."

"டார்ச்சு முனீசு கையில இருக்கு."

"அப்ப நீ வாயை மட்டும் மூடு."

முனீஸ்வரி சிரித்ததில் வெளிச்சம் குலுங்கியது. அப்போது வேல்பாண்டி ஒரு திருகாணியை எடுத்து உயர்த்திப் பார்த்தான். "இது செத்த நீளமா இருக்கோப்பா? பழைய தண்டுக்கு அடித்தட்டு தடிமன்லா. இது மெல்லிசு."

"அது பலகைக்காரன் குடுத்த போல்ட்டுலே. மிஷினு செஞ்சவன் ஒரு கணக்கு வச்சுத்தான் குடுத்திருப்பான். அவன் கணக்குல நாம கை வைக்கப்படாது."

வேதவாக்கைப்போல் அப்பா அதை மில்லில் ஆயுள் முழுதும் காத்தவர். அவர் முறுக்கினார், கை கொண்டமட்டும் முறுக்கினார். திருகாணி இறுகி நின்றது. மகன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "போ, மலைக்கு அந்தப் பக்கம் வேணாலும் பறந்து போ" என்றார்.

இறுகியது தண்டின் அடித்தட்டு அன்று. நீளம் மிகுந்த திருகாணி பலகையில் அது இறங்கும் பள்ளத்தின் அடியில் போய் முட்டி, அந்த முட்டலை இறுக்கம் என்று கைக்குக் காட்டியிருந்தது. தட்டுக்கும் பலகைக்கும் நடுவே அப்போதே தளர்வு இருந்தது. இப்போது ஒருவழியாய்க் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்த திருகாணியின் நுனி நசுங்கிப் பளபளத்தது. பள்ளத்தின் அடியில், நான்கு இடத்தில், வட்ட வட்டமாய்க் குழிகள். அண்ணன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான். விற்றவனிடம் இடைவெளியைக் கேட்ட தானோ, திருகாணியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

"ஏட்டி முனீசு!" அத்தை இருளம்மாள் வாசற்படியில் நின்றாள். அழுதழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது. "அங்க ஒன் அண்ணன் தனியாக் கெடக்கான். இங்க என்னத்தடி உருட்டிக்கிட்டிருக்க?"

"பலகையைத் துடைக்கேன் அத்தே. பக்கத்துல கொண்டாந்து வைக்கணும்னு அப்பா சொன்னாவ."

"ஒங்கப்பனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. கொன்ன தண்ணியிலயா பிள்ளையைக் குளிப்பாட்டுறது, தெருக்கிணத்துல எடுங்கன்னேன். அவன் வேற எந்தத் தண்ணியில குளிச்சிருக்கான்னு கேக்கான் எங்கிட்ட. கண்மாய்க்கே போயிட்டான் கொடத்தைத் தூக்கிக்கிட்டு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கோயில் நடை வேற சாத்திக் கெடக்கு. குருக்கள் ரெண்டு தரம் ஆளனுப்பிட்டாரு, எப்பம் எடுப்பீயன்னு. சீக்கிரம் வா."

மடவார் வளாகத்துத் தெருவில் உடல் கிடக்கும்வரை வைத்தியநாதர் சந்நிதி திறவாது. பிறந்ததிலிருந்து காலை மாலை கேட்ட மணி நேற்றிலிருந்து ஒலிக்கவில்லை. முனீஸ்வரி திருகாணியை முந்தானை நுனியில் முடிந்தாள். மூடிய கதவுக்குப் பின்னே இருளில் நிற்பவனை நினைத்தாள். பிணி தீர்க்கும் பெருமானே, ஆஸ்பத்திரி வாசலில் நேற்று உன்னை அழைத்தேன். நீ வரவில்லை. அதைக் கேட்கமாட்டேன். மிஞ்சியிருப்பவர் அப்பா ஒருவரே. அம்மாவும் இல்லை. தம் கையால் நேர்ந்தது என்று இவர் அறிந்தால் நாளை விடியும்போது எனக்கு எவருமில்லை. இதை மட்டும் மறைத்துக் கொடு. கண்ணை மறை, கையை மறை, எதையேனும் மறை.

சங்கு கேட்டது. கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்பியது. நீர்க்குடங்கள் வாசலில் இறங்கின. கண்ணுச்சாமி முன்கூடத்துக்குப் போகவில்லை. ஈரவேட்டி தரையில் இழுபட, நேரே பின்கட்டுக்கு வந்தார். அவருக்குப் பின்னால், நேற்றுக் கண்மாயிலிருந்து அண்ணனைத் தூக்கிவந்த சிநேகிதன் முத்துவீரன்.

பலகை வேறாகவும் தண்டு வேறாகவும் கிடப்பதை அப்பா பார்த்தார்.

"யாரு கழட்டுனது?"

"நாந்தாம்பா. ஒண்ணாத் தூக்க முடியலை."

"போல்ட்டு?"

"எல்லாம் கண்மாயில போயிருச்சுப்பா." அவள் குரல் அவளுக்கே அயலாய் ஒலித்தது. "காத்துதாம்பா. மலைக்காத்து சுழட்டி அடிச்சிருச்சு. முத்துவீரண்ணன் பாத்திருக்காவ."

முத்துவீரன் தரையைப் பார்த்தான். பிறகு, "ஆமா மாமா. பேய்க்காத்து" என்றான்.

கண்ணுச்சாமி பலகையின் பள்ளத்துக்குள் சுட்டுவிரலை விட்டார். கண் தெரியாதவர் எழுத்தைத் தடவுவதுபோல் விரல் மெல்ல நகர்ந்தது, ஓரிடத்தில் நின்றது, மறுபடி நகர்ந்து இன்னோரிடத்தில் நின்றது. முன்கூடத்தில் ஒப்பாரி உயர்ந்து தணிந்தது.

"காத்துதான்" என்றார் அப்பா.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மகனைக் குளிப்பாட்டப் போனார்.

கண்மாய்த் தண்ணீரை அவன்மேல் ஊற்றியபோது அவர் அழவில்லை. காதுக்குப் பின்னால் தைத்திருந்த இடத்தில் நீர் படாதபடி உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார், தலை துவட்டிவிட்டார். "பலகையைக் கொண்டாரவா மாமா?" என்று முத்துவீரன் காதோரம் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். இருளம்மாள் மட்டும் நெஞ்சிலடித்துக்கொண்டு, "கடல்ல மெதந்த ராசா, கையளவு கண்மாயா ஒன்னை முழுங்குச்சு? வடம் பிடிக்க வந்த கைக்கு வாய்க்கரிசியா நான் போடுவேன்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பெரியப்பா மகன் கொள்ளிச்சட்டி ஏந்தினான். பெண்கள் தெருமுனையோடு நின்றார்கள். பாடை வளைவு திரும்பி மறைந்தது.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். வாசல் ஈரம் காயுமுன்னே வைத்தியநாதர் கோயில் நடை திறந்தது, மணி ஒலித்தது. முனீஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள். முந்தானை முடிச்சு இடுப்பில் உறுத்தியது. நாளை எவரும் அறியாமல் கண்மாய்க்குப் போய் இதை எறிந்துவிட வேண்டும் என்று எண்ணினாள்.

பொழுது சாயும் வேளையில் ஆண்கள் திரும்பினார்கள். வாசலில் கால் நனைத்து ஒவ்வொருவராய் உள்ளே வந்தார்கள். அப்பா இல்லை.

"அப்பா எங்க?"

"எங்களுக்கு முன்னால வந்தாவளே" என்றான் முத்துவீரன்.

முனீஸ்வரி எழுந்தபோதே அந்த ஓசை கேட்டது. இரும்பை இரும்பு அறுக்கும் ஓசை, சீராக, அவசரமில்லாமல். அவள் பின்கட்டுக்கு ஓடினாள்.

கண்ணுச்சாமி அதே ஈரவேட்டியோடு மேசைமுன் நின்றிருந்தார். மேசை விளிம்பில் பூட்டிய வைஸ் இடுக்கியின் பிடியில் ஒரு திருகாணி. அறுத்து முடித்து, நுனியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, தட்டின் துளையில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேற்றுக் காலை கரையில் ஓடிவந்து பலகைமேல் விழுந்தபோதே, தளர்ந்து நின்ற இந்தத் திருகாணியை அவர் எடுத்திருக்க வேண்டும். இரவு முழுதும், நீர்மாலையிலும், குளிப்பாட்டும்போதும், சுடுகாட்டிலும் அது அவர் மடியில் இருந்திருக்கிறது.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"இன்னொண்ணு ஒங்கிட்ட இருக்குல்லா?"

முடிச்சை அவிழ்க்க வெகுநேரமாயிற்று. திருகாணியை அந்த உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை முன்னதோடு சேர்த்துப் பிடித்து அளந்தார். மிகுந்திருந்தது இரண்டு மரைச் சுற்று. வைஸில் மாட்டினார்.

"முனீசு, லைட்டைப் புடி."

அவள் கைபேசி விளக்கைப் பிடித்தாள். அறுபட்ட துணுக்கு கீழே விழுந்து உருண்டு நின்றது. தண்டை நிறுத்தி, இரண்டு திருகாணிகளையும் இட்டு, மாற்றி மாற்றி முறுக்கினார். தட்டு பலகையோடு பலகையாய்ப் படிந்தது. பிறகு தண்டை இரு கையாலும் பற்றி, உடம்பின் பலமெல்லாம் கூட்டி அசைத்தார். மேசை ஆடியது. மேசைமேலிருந்த ஆணி டப்பா குலுங்கியது. தண்டு அசையவில்லை.

அவர் மறுபடியும் அசைத்துப் பார்த்தார்.