தணிகாசலத்துக்கு ஓர் இடம்

எங்கள் ஊரில், பின்னணி இல்லாமல் ஒருவரை வரைந்தால், பின்னணி முடியும்வரை அவர் வரைந்தவரின் வீட்டில் தங்குவார். ஓவியம் பழகத் தொடங்கிய இரண்டாவது வாரம் நான் தணிகாசலம் என்று ஒருவரை வரைந்தேன். முகம், செருப்பு, கையில் மஞ்சள் பை எல்லாம் நன்றாக வந்தன. பின்னால் வெறும் தாள். மறுநாள் காலை அவர் அதே பையுடன் வந்து எங்கள் பின்னறையில் தங்கினார்.

அவரால் தொந்தரவில்லை. சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் அபிராமி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வீட்டில் இருப்பது அந்த ஓர் அறைதான்.

"உங்க ஆளை எப்போ அனுப்பப்போறீங்க?" என்றாள் மனைவி தமயந்தி.

"பின்னணி வரணுமே."

"எங்கேருந்து வரும்? முப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கீங்க. அந்த அறை ஜன்னல்ல எத்தனை கம்பின்னு சொல்லுங்க பார்ப்போம்."

தெரியவில்லை.

அன்றே ஒரு பின்னணி வரைந்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வரைந்ததுதான்: இரண்டு மலை, நடுவே பாதிச் சூரியன், ஓர் ஆறு, சாய்ந்த தென்னை, நான்கு பறவைகள். வேறு இடம் எதுவும் என் கைக்குத் தெரியாது. தணிகாசலம் பையுடன் கிளம்பிப் படத்துக்குள் போனார். சாயங்காலமே திரும்பி வந்தார்.

"குறை சொல்றேன்னு நினைக்காதீங்க சார். சூரியன் பாதியிலேயே நிக்குது. விடியுதா, பொழுது சாயுதான்னு தெரியல. நான் பல் தேய்க்கிறதா, படுக்கிறதா? துவைச்ச துணியும் காயல."

வியாழக்கிழமை ஒரு தெரு வரைந்தேன். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு திசையில் சரிந்தது. அவர் முழங்காலில் சிராய்ப்புடன் வந்தார். ஓவிய ஆசிரியை ஷகிலாவுக்கு என் மகள் வயதுதான். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல்ல கண் மட்டத்துக்கு ஒரு கோடு போடுங்க சார். தூரமாப் போற கோடெல்லாம் அதுல ஒரே புள்ளிக்குப் போகட்டும். பார்த்த இடத்தை வரைங்க, போதும்."

அதுதான் சிக்கல். ஐம்பத்து நான்கு வருடங்களாக மனிதர்களைத்தான் பார்த்திருக்கிறேன், அவர்கள் நின்ற இடங்களை அல்ல. இடத்தைப் பார்க்காமல் மனிதர்களை மட்டும் எப்படிப் பார்த்திருக்க முடியும் என்றும் யோசித்தேன். பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னறையில் உட்கார்ந்து அந்த அறையையே வரைந்தேன். ஜன்னலில் ஏழு கம்பிகள், மூன்றாவது சற்று வளைந்தது. பீரோ மேல் சுருட்டிய பாய். இரண்டு மாதமாகக் கிழிக்காத காலண்டர். கடைசியாகக் கட்டில் கால்களுக்கு நிழல் போட்டேன்.

"இது சரியா இருக்கு சார்" என்று தணிகாசலம் படத்துக்குள் போனார். பின்னணியும் அவருடன் போனது. நான் ஸ்டூலோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

"ஆளை அனுப்பச் சொன்னா அறையை அனுப்பிட்டீங்க" என்றாள் தமயந்தி. அந்தச் சுவரில் ஆணி அடித்துப் படத்தை மாட்டினாள்.

மறுநாள் அபிராமி வந்து படத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றினாள். "அப்பா, உள்ள யாரோ உட்கார்ந்திருக்காங்க."

தணிகாசலம் எழுந்துகொண்டார். "வாம்மா, வா. பிள்ளைத்தாய்ச்சிக்குத்தான் முதல்ல" என்று பையுடன் வெளியே வந்து, அபிராமி உள்ளே போனதும் பழைய மலைப் படத்தைக் கேட்டார். நான் பாதிச் சூரியனை அழித்து, மலைக்கு மேலே முழுதாக வரைந்து கொடுத்தேன். அங்கே இப்போது எப்போதும் மதியம். எங்கள் வீட்டுத் துணிகளையும் அவரே காயவைத்துக் கொடுக்கிறார்.

இருபதாவது நாள் அந்த அறையிலேயே குழந்தை பிறந்தது. பெண். மூன்று கிலோ, பென்சிலில். நர்ஸ் தூக்கிப் பார்த்து, கோடுகள் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார். காது குத்தும்போது வண்ணம் கொடுத்தால் போதுமாம்.

தமயந்தி என் ரப்பரை எடுத்து, என் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.