எட்டு வடிவக் களம்

"மூணாவது மாடியில ஒரு வீடு குடுத்தது உனக்குப் பொறுக்கலையா? இதயும் கேன்சல் பண்ண வச்சிட்டு நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று சுப்புராயன் கத்தினான். கொளஞ்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பெண்டாட்டி முந்தானையைச் செருகினால்தான் அவனுக்குப் பயம் அதிகம்.

கடலூர்க் கரையோரக் குடிசைகளைக் காலி செய்து, இவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றியிருந்தார்கள். கடல் தூரம். பஸ்ஸும் கிடையாது. வரைபடம் போட்டவரைக் குறை சொல்லக் கூடாது. மீன்காரர்கள் குடிவருவார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்திருந்தார்.

மொட்டைமாடிக்குப் பூட்டு. பால்கனியில் வெயில் எட்டிப் பார்க்காது. நெத்திலியை எங்கே காயவைப்பது என்று பெண்கள் தவித்தபோதுதான் நடுத்திடலில் வழவழவென்று சிமெண்டுத் தளம் விழுந்தது. எட்டு மாதிரி வளைந்திருந்தது, மருந்துக்கும் நிழல் இல்லை.

"கருவாட்டுக் களம் போடுறாங்கடி. ரெண்டு பக்கமும் நின்னு பெரட்டறதுக்கு வாட்டமா வளச்சிருக்காங்க பாரு" என்றாள் கொளஞ்சியம்மாள். தெருவே நம்பியது. மேஸ்திரிக்கு மோர் கொடுத்து உபசரித்தார்கள்.

அது நடைப்பயிற்சிப் பாதை என்பது இன்று காலையில்தான் தெரிந்தது. திறந்துவைக்க அதிகாரி வந்துகொண்டிருந்தார். பாதை முழுக்க அவளுடைய நெத்திலி.

"பாதி காஞ்சத அள்ளி மூட்டை கட்டுனா புழு வச்சிடும்யா. அப்பறம் சோத்துக்கு என்னா பண்றது?" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "ஏம்மா, உங்க உடம்பு நல்லா இருக்கணும்னுதானே போட்டிருக்கு? தினம் கொஞ்ச நேரம் நடந்தா சுகர் வராது."

"துறைமுகத்துக்கு நடந்து போயி, கூடையோட நடந்துதான் சார் வர்றோம். அது கணக்குல சேராதா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "உடனே எடுக்கலன்னா வீடு ஒதுக்குனத ரத்து பண்ணிடுவேன்."

மாடியிலிருந்து எட்டிப் பார்த்த புருஷனின் முகத்தைக் கண்டதும் கொளஞ்சியம்மாள் கோபத்தை விழுங்கிக்கொண்டு மீனைத் தார்ப்பாயில் அள்ளினாள். மற்ற பெண்களும் கைகொடுத்தார்கள். அதிகாரி ரிப்பன் வெட்டினார். போட்டோவுக்காக வெயிலில் நடக்கத் தொடங்கினார்.

திடலை ஒட்டி, மஞ்சள் கோடு கிழித்த கார் நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. குடியிருப்பவர்கள் யாரிடமும் கார் இல்லாததால், சிமெண்டு புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதன் நடுவில் அதிகாரியின் ஜீப் மட்டும் நின்றது. ஓரத்துப் பலகையைக் கொளஞ்சியம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு தார்ப்பாயை அங்கே இழுத்துப் போட்டுவிட்டு, ஜீப் டிரைவரிடம் மரியாதையாகவே சொன்னாள்:

"தம்பி, வண்டிய எடுத்து வெளிய போடுங்க. குடியிருக்கறவங்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு."