போலே என்றால் கேள்வியா?

ஓடாத பம்பு ஒன்று அன்று ஃபெலிசியாவின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. செர்டாங்கில் ஒரு செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலுக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய பெட்டி அது. பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி. அதன் கெர்னலில், அதாவது மற்ற நிரல்களுக்கெல்லாம் அடியில் உட்கார்ந்து இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் பகுதியில், மோட்டாரைக் கவனிக்கும் நிரல் அவள் எழுதியது. பாக்கார் ஆராங் பகுதியில் கடைவீட்டு மாடியிலுள்ள அலுவலகத்தில் சமர்த்தாக இருந்த பெட்டி, தோட்டத்துக்கு வந்ததும் 'மோட்டார் கோளாறு' என்று கையை விரித்துவிட்டது. மோட்டாரோ, நேரே சுவிட்சைத் தட்டினால் ஜோராக ஓடியது.

அவளுடைய கம்பெனி முதலாளி ஜைனல் நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் அந்த நல்ல மனிதர் எங்கேயோ வெளியூர் போய்விடுவார்.

"சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா உன் புரோகிராம் கோட தூக்கிட்டு கேஎல் கம்பெனிக்காரன் கோட போட்ருவேன்மா. அங்க நாத்து காயுது, இங்க தோட்டத்து மேனேஜர் என்னைக் காய்ச்சுறாரு."

வருஷக்கணக்கில் வரிவரியாகச் செதுக்கிய வேலை. அதை யாரோ ஒருவன் அழித்துவிட்டு உட்காருவான் என்று நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

பெட்டியின் திரையைக் கவனிக்கும் நிரலை எழுதிய புவனேசன் பக்கத்தில் மடிக்கணினியோடு குந்தியிருந்தான். எரிச்சலில் மோட்டார் வயரைப் பிடுங்கிப்போட்டாள் ஃபெலிசியா. உடனே பச்சை விளக்கு எரிந்தது. 'மோட்டார் தயார்' என்றது திரை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மோட்டாரைக் கண்டால் அழுகிறது, மோட்டாரே இல்லாவிட்டால் பல்லைக் காட்டுகிறது.

"தம்பி, ஆபிஸ்ல மோட்டார் மாட்டியா டெஸ்ட் பண்ண?"

"அங்க ஏதுக்கா மோட்டாரு? பெட்டிய மட்டும்தான் வச்சிருந்தோம். பச்சை எரிஞ்சிச்சி, சரின்னு விட்டுட்டேன்."

அலுவலகத்தில் அது காட்டிய சமர்த்தெல்லாம் வெறும் பெட்டியின் சமர்த்து. ஃபெலிசியா தலையில் அடித்துக்கொண்டு அவனுடைய திரையை இழுத்துப் பார்த்தாள். அவளுடைய நிரலை அவன் கூப்பிடும் இடத்தில் 'பம்ப்_போலே' என்ற பெயர் இருந்தது. போலே என்றால் மலாய் மொழியில் 'முடியும்'; தே தாரிக் டீ குடித்துக்கொண்டே இருவரும் சிரிப்புக்காக வைத்த பெயர்.

"இந்த போலே கேள்வியா, வேலையா?"

"கேள்விதான்கா. மோட்டார் ஓட முடியுமான்னு கேக்குறேன். சீரோ இல்லாம எது வந்தாலும் போலே. சீரோ வந்தா தாக் போலே லா."

"நான் வேலைன்னு எழுதியிருக்கேன்டா. மோட்டார ஓடுற மாதிரி ஆக்கு, அவ்வளவுதான். தப்பு ஒன்னும் இல்லன்னா சீரோ. தப்பு இருந்தாத்தான் நம்பர், என்ன தப்புன்னு சொல்றதுக்கு."

கெர்னலில் அதுதான் வழக்கம். வேலை சொன்னால் பூஜ்யம் வெற்றி. கேள்வி கேட்டால் பூஜ்யத்துக்கு 'இல்லை' என்று பொருள். மோட்டார் இல்லாதபோது வந்த பிழை எண்ணைத்தான் புவனேசனின் நிரல் 'முடியும்' என்று படித்துப் பச்சை காட்டியிருக்கிறது. எது வேலை, எது கேள்வி என்று பெயர்தான் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கேட்கிறவரும் போலே என்பார், பதில் சொல்கிறவரும் போலே என்பார். குரலை வைத்து நாம் சமாளித்துக்கொள்கிறோம். நிரலுக்கு ஏது குரல்?

அந்தப் பெயரைத் தூக்கி எறிந்தாள். வேலைக்கு 'மோட்டாரைத் தயார்செய்', கேள்விக்கு 'மோட்டார் தயாரா' என்று இரண்டு பெயர்கள் பிறந்தன. ஒன்று பூஜ்யமோ பிழை எண்ணோ தரும். மற்றது ஆம், இல்லை மட்டும் சொல்லும். புவனேசன் தன் பக்கத்தைத் திருத்தினான். வயரை மாட்டிப் பெட்டியை முடுக்கினார்கள்.

மோட்டார் உறுமியது. குழாய்கள் சீறின. வரிசை வரிசையாக நாற்றுகளின் மேல் தண்ணீர் பூவாய்ச் சிதறியது. புவனேசன் நனைந்துகொண்டே ஆடினான்.

ஜைனல் ஆடவில்லை. "ஓடுறது பெருசில்லமா. கெட்டுப்போனா சொல்லுமா?" என்றபடி வந்து, தன் கையாலேயே வயரைப் பிடுங்கினார்.

தண்ணீர் அடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. 'மோட்டார் இல்லை, வயரைப் பாருங்கள்' என்று திரை தெளிவாகச் சொன்னது.

ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து அவள் கைதட்டியது வாழ்நாளில் அன்றுதான். பெருமையில் நெஞ்சு விம்மியது. அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஜைனல் திரையை இன்னொரு முறை படித்தார். வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, கேஎல் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"உங்க கோட் வேணாம் லா. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, எங்க ஃபெலிசியாவோடத தரேன்."