வாங்க, விற்க

1

இந்தக் கதை ஒரு பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையது.

கணவன் வெளிநாட்டில். மனைவி ஊரில், ஒரு பணமாற்றுக் கடையில் வேலை. அவன் கிளம்பிய நாளில் அந்த நாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் நாற்பத்தாறு. "ஒன்றரை மடங்கு ஆகட்டும், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதாவது அறுபத்தொன்பது. வாரா வாரம் போனில் முதல் கேள்வி அதுதான்.

"இன்னைக்கு எவ்வளவு?"

"அறுபத்தாறுலயே நிக்குதுங்க."

இவ்வளவுதான் எழுதியிருந்தேன். காலம் வேண்டுமே என்று ஒரு வருடத்தையும் அதன் மழைக்காலத்தையும் போட்டிருந்தேன். அறுபத்தாறு என் ஊகம். கிட்டத்தட்ட, ஆனால் இன்னும் இல்லை என்கிற எண்ணாக அது பட்டது.

2

என் மனைவியின் தம்பி படித்தார். அந்த மாதிரி ஒரு நாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

"கதை நல்லாருக்கு மாமா. கணக்குதான் உதைக்குது."

"எங்க?"

"அந்த மழைக்காலத்துல அறுபத்தொன்பதைத் தொட்டுடுச்சு. எங்க கேன்டீன்ல கை தட்டினாங்க."

பழைய மாற்று விகிதங்களின் அட்டவணையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

(அட்டவணையில் இருப்பது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே எடுத்த சராசரி. அந்த விலைக்கு எந்தக் கடையிலும் யாரும் எதையும் வாங்கியதில்லை, விற்றதும் இல்லை. வரலாற்றுக்கு அது போதும்.)

"சரி மச்சான், வருஷத்தை மாத்திடறேன்."

"எதுக்கு? அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு வெச்சுக்கோங்களேன்."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

3

கடையை விவரிக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்தில் ஒரு அறை. கண்ணாடித் தடுப்பு, அதன் அடியில் கை நுழைய அரைவட்ட ஓட்டை. பின்சுவரில் விலைப்பலகை. பலகையில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலையில் 'வாங்க', மற்றதில் 'விற்க'. எண்கள் கொக்கியில் மாட்டும் தகரத் தகடுகள். ஒன்பதுக்கென்று முதலாளி தனித் தகடு செய்யவில்லை. ஆறைத் தலைகீழாக மாட்டினால் ஒன்பது.

காலையில் தலைமைக் கடையிலிருந்து அன்றைய விலை வரும். அவள் ஸ்டூலில் ஏறி மாற்றுவாள்.

ஒருநாள் ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஒருவர் ஓடி வந்தார்.

"உள்ள பெருசா 'வாங்க'ன்னு எழுதி வெச்சிட்டு இழுத்து மூடுறீங்களேம்மா!"

"அது உங்களை இல்லைங்க. உங்க பணத்தை."

(இந்த நகைச்சுவையை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

4

ஏன் பொய் சொன்னாள்?

அவளுக்கு அவன்மேல் கோபம், ஏனென்றால் அவன் அங்கே ஒரு

இல்லை.

அவள் தனியாக இருந்து பழகிவிட்டாள், இனி ஒரு ஆண்

இதுவும் இல்லை. அடுத்து நான் எங்கே போவேன் என்று உங்களில் சிலர் ஊகித்து முன்னாலேயே போய் நிற்பீர்கள். அங்கே யாரும் இல்லை. திரும்பி வாருங்கள்.

நடந்தது எளியது. அன்று காலை ஸ்டூலில் நின்று, கையிலிருந்த ஆறைத் திருப்பி மாட்டினாள். இறங்கிப் பார்த்தாள். அறுபத்தொன்பது. மாலையில் அவன் கூப்பிட்டான். வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் தோன்றியது: அறுபத்தொன்பது என்று சொல்லி, அவன் "ஓ, அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டால்?

அறுபத்தாறு என்றாள்.

அவள் சொன்ன பொய்யும் நான் செய்த பிழையும் ஒரே தகடு.

5

மச்சான் மறுபடி வந்தார். இந்தப் பகுதி வரை படிக்கக் கொடுத்தேன்.

"ஒரு ஓட்டை இருக்கு மாமா. அவனுக்கு அங்க ரேட் தெரியாதா? எங்களுக்கெல்லாம் காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி அதான் வேலை."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டே ஏன் அவகிட்ட கேக்கறான்?"

"அவ வாயால சொல்லட்டும்னுதான். அறுபத்தொன்பதுன்னு அவ சொன்னா, 'வந்துடு'ன்னு அர்த்தம். அறுபத்தாறுன்னா, 'அங்கயே இரு'ன்னு அர்த்தம்."

"அவ அந்த அர்த்தத்துல சொல்லலையே."

"அது உங்களுக்குத் தெரியும். அவனுக்கு யார் சொல்றது?"

தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்டேன்: "நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?"

"ரேட் விழுந்துடுச்சு மாமா. லாபமில்ல."

அட்டவணை மேசைமேல்தான் இருந்தது. அவர் திரும்பிய வருடத்தில் விகிதம் விழவில்லை, ஏறியிருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். பார்த்தார்.

"அப்ப வேற ஏதாவது காரணமா இருக்கும்" என்றார்.

6

முடிவு, முதல் வடிவம்: அவன் சொல்லாமல் கிளம்பி வந்து, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் பெட்டியோடு நிற்கிறான். சினிமா. அடித்துவிட்டேன்.

இன்னொன்று: விகிதம் நிஜமாகவே அறுபத்தாறுக்கு இறங்கி, அவள் பொய் மெய்யாகிவிடுகிறது. அட்டவணைப்படி அடுத்த வருடம் அதுதான் நடந்தது. ஆனால் அதில் அவளுக்கு வேலை இல்லை.

ஆகவே விகிதம் இறங்குவதற்கு முன் ஒரு மாலை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டுக் கட்டுக்கு ரப்பர் வளையம் போடுகிறாள்.

"இன்னைக்கு எவ்வளவு?"

ரப்பர் வளையம் அறுந்தது.

"அறுபத்தொன்பதுங்க."

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவினார்கள். குழாயை மூடினார்கள்.

"நல்லாப் பார்த்துச் சொல்றியா?"

"நான்தான மாட்டினேன்."

"ரெண்டு பக்கம் இருக்குமே. எந்தப் பக்கத்து ரேட்?"

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க

என்ன குறி போட்டு மேற்கோளை மூடுவது என்று தெரியாமல் திறந்தே விட்டிருக்கிறேன். முற்றுப்புள்ளி என்றால் அது பலகையில் இருக்கும் சொல். அவன் "சரி, அடுத்த வாரம் பேசறேன்" என்பான். வேறு குறி போட்டால், அவன் என்ன சொன்னான் என்பதையும் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் சரிபார்த்தது விகிதத்தை மட்டும்தான்.