கெட்டூரா வான்ஸுக்கு எதிராக அவளுடைய வக்கீல்

1

இப்படியொரு கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. எங்கள் மாவட்டமான டன்மோர் கவுண்டியின் நீதிமன்றக் கட்டடத்துக்கு ஆண்டுவிழா வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியானா மாநிலம் தன் நீதிமன்றங்களையும் அரசு வழக்கறிஞர்களையும் எப்படி அமைத்திருந்தது என்று விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "கதை கிதை விட்டுடாதீங்க" என்று மலர்க்குழுத் தலைவி லோர்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் மல்லுக்கட்டியதில் தலைவலிதான் மிச்சம். கட்டுரை இப்படித் தொடங்கியது:

மாநிலம் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. வட்டாரத்துக்குச் சட்டம் படித்த ஒரு தலைமை நீதிபதி, ஒரு அரசு வழக்கறிஞர். இருவரும் குதிரையேறிக் கவுண்டி கவுண்டியாகச் சுற்றி, ஆண்டுக்கு இரண்டு முறை—

போதும். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

ஒரு ஆள் வேண்டும். கெட்டூரா வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். மூன்று பிள்ளைகள். பன்றிகள் காட்டில் இஷ்டத்துக்கு மேயும். யாருடையது என்று காதில் அவரவர் போட்ட வெட்டுதான் சொல்லும். அண்டைவீட்டு சைலஸின் பன்றிக்குக் காதை வெட்டித் தன்னுடையதாக்கினாள் என்று வழக்கு. ஏப்ரலில் விசாரணை நடக்காவிட்டால் அக்டோபர் வரை சிறையில் கிடக்க வேண்டியதுதான். சோளம் விதைக்க ஆளிருக்காது.

(முதலில் அவளை அப்பாவியாக வைத்திருந்தேன். கதை அசையவே இல்லை. வேறு வழியின்றி வெட்ட வைத்தேன். மன்னித்துவிடு கெட்டூரா.)

அவளுடைய வக்கீல் லெமுவெல், உள்ளூர்க்காரன். சிறையில் பார்க்க வந்தவனிடம் அவள் எதையும் ஒளிக்கவில்லை.

"வெட்டுனது நான்தான் தம்பி. படகுக்காரன் பொண்டாட்டி டார்க்கஸ் பாத்துட்டா. அவளும் வாயத் திறக்கல, அவள யாரும் கேக்கவும் இல்ல."

"அப்ப நானும் கேக்கலக்கா. விடுங்க."

3

விசாரணை நாளன்று ஆற்றில் வெள்ளம். தலைமை நீதிபதி முன்பே வந்து சேர்ந்துவிட்டார். அரசு வழக்கறிஞரும் அவரோடு சுற்றிவரும் மற்ற வக்கீல்களும் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள். இத்தனை கவுண்டிக்கும் ஒரே ஆள் என்று வைத்தால் வேறென்ன நடக்கும்?

"அக்டோபருக்கு ஒத்தி வைக்கிறேன்" என்றார் தலைமை நீதிபதி.

அவருக்கு இருபுறமும் உள்ளூர்த் துணை நீதிபதிகள். ஒருவர் மாவு ஆலைக்காரர் ஈனோக், இன்னொருவர் தோல் பதனிடும் ஜுபல். இருவரும் சட்டப் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஆனால் இருவரும் சேர்ந்தால் தலைவரின் பேச்சு எடுபடாது. (இதையும் நான் கட்டுரையில் பாராட்ட வேண்டுமாம்!)

"ஒத்தி வெச்சா அந்தப் புள்ளைங்களுக்கு நீங்களா சோறு போடுவீங்க?" என்றார் ஈனோக். "அரசாங்கத்து வக்கீல் வரலன்னா இங்க இருக்கற வக்கீல நிறுத்திக்கலாம்ல?"

"இருக்கறதே ஒரு வக்கீல்யா! அவன் அந்தம்மாவோட ஆளு!" என்றார் தலைமை நீதிபதி.

"வக்கீல்னா வக்கீல்தானே" என்றார் ஜுபல்.

இரண்டுக்கு ஒன்று. தலைமை நீதிபதி தலையில் கை வைத்துக்கொண்டார். நானும்தான்.

"என்னால முடியாதுங்க" என்றான் லெமுவெல்.

கெட்டூரா எட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவங்க பக்கமே நில்லு தம்பி. நான் உள்ளயே கிடந்தா குளிர்காலத்துக்கு எம்புள்ளைங்க என்னத்தத் திங்கும்? எனக்கு நானே பேசிக்கறேன்."

"உங்களுக்கு எதிரா சத்தியம் பண்ணணும்க்கா."

"பண்ணித் தொலை."

தெரிந்த எதையும் மறைக்காமல் மாநிலத்துக்காக வாதாடுவேன் என்று பைபிளில் கை வைத்துச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தான். இரண்டாவது பெஞ்சில் டார்க்கஸ் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

4

சைலஸ் சாட்சி சொன்னார். வெட்டு பழசா புதுசா என்று அவருக்கே நிச்சயமில்லை. ஜூரிகள் சிரித்துவிட்டார்கள். வழக்கு கெட்டூராவின் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"வேற சாட்சி இருக்கா?" என்று கேட்டார் தலைமை நீதிபதி.

முடிவு ஒன்று: "இல்லைங்க" என்கிறான். அவள் விடுதலையாகி வீட்டுக்குப் போகிறாள். அதன்பிறகு அவன் எந்தச் சத்தியத்தைக் கேட்டாலும்—

(எனக்குப் பிடித்த முடிவு இதுதான். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: "டார்க்கஸ்" என்கிறான். கெட்டூரா மாநிலச் சிறைக்குப் போகிறாள். பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டில் வேலைக்கு—

(கை வரவில்லை.)

முடிவு மூன்று: வெள்ளம் வடிந்து, அரசு வழக்கறிஞர் சேறும் சகதியுமாக ஓடி வந்து—

(சீ!)

நடுவில் லோர்னாவின் போன். "கட்டுரை முடிஞ்சுதா?"

"ஒரு சாட்சியால நின்னுபோச்சுங்க."

"எந்த சாட்சி? கட்டுரையில ஏதுங்க சாட்சி?"

போனை வைத்துவிட்டேன்.

5

எனக்கு ஆத்திரமாக வருகிறது. இந்த நீதிமன்ற ஏற்பாட்டைச் செய்தவர்கள், அதன் நடுவில் ஒருவன் இப்படி வந்து நிற்பான் என்று யோசிக்கவே இல்லை. அவர்கள் தீர்க்காமல் விட்டதை நான் ஏன் தீர்த்துக் கொடுக்க வேண்டும்? "இருக்கு" என்று எழுதினேன், அடித்தேன். "இல்லை" என்று எழுதினேன், அதையும் அடித்தேன்.

லெமுவெல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். டார்க்கஸ் பின்னுவதை நிறுத்திவிட்டாள். வாசகரே, பதிலை நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். கெட்டூராவைப் பார்த்துச் சொல்லுங்கள்.